கிரேக்கத்தைப் பார்க்காத 'கிரேக்க' தாம்சன்



இந்த இதழுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். ராஜாக்கள், போர்கள் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுக்குமாடியில் வாழும் நமக்கு, அடுக்குமாடிகளைக் கட்டிய ஒருவருடைய கதை பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. அவர் பெயர் அலெக்சாண்டர் தாம்சன். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கிரேக்க' தாம்சன். ஆனால் அவர் கிரேக்க நாட்டில் காலடி வைத்ததே இல்லை!

நான் காமர்ஸ் படித்து வங்கியில் பேரேடு பார்த்தவன். கட்டடக் கலையில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் இவருடைய வாழ்க்கையைப் படித்தபோது அதில் ஒரு கணக்கு இருப்பதாகத் தோன்றியது. ஒரே மனிதர், ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வகைக் கல்லால் பல கட்டடங்களைக் கட்டினார். எல்லாவற்றின் மேலும் பெய்தது அதே கிளாஸ்கோ மழைதான். அப்படியிருக்க, சில கட்டடங்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன, சில தரைமட்டமாகிவிட்டன. ஏன்? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குமாஸ்தா மேசையிலிருந்து

தாம்சன் பிறந்தது 1817 ஏப்ரல் 9 அன்று, பால்ஃப்ரன் என்ற சிற்றூரில். அப்பா அங்கிருந்த பஞ்சாலையில் கணக்கர். வீடு நிறையக் குழந்தைகள். தாம்சனுக்கு ஏழு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். குடும்பம் பிழைப்புக்காகக் கிளாஸ்கோ பக்கம் வந்தது. சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட்டார். அண்ணன், அக்காமார் நிழலில் வளர்ந்த பையன், சின்ன வயதிலேயே ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான்.

அந்த அலுவலகத்துக்குக் கட்சிக்காரராக வந்தவர்களில் ராபர்ட் ஃபுட் என்ற கட்டடக் கலைஞரும் ஒருவர். பையன் வரைந்த படங்கள் அவர் கண்ணில் பட்டன. "இந்தப் பையன் இருக்க வேண்டிய இடம் இதுவல்ல" என்று நினைத்தாரோ என்னவோ, தன்னிடமே தொழில் பழக அழைத்துக்கொண்டார். பிறகு ஜான் பேர்ட் என்ற இன்னொரு மூத்த கலைஞரிடம் தாம்சன் பல ஆண்டுகள் வரைவாளராக வேலை பார்த்தார். கல்லூரிப் படிப்பு எதுவும் கிடையாது. கற்றதெல்லாம் வேலை மேசையிலும் புத்தகத்திலும்தான்.

1840-களின் இறுதியில் சொந்தத் தொழில் தொடங்கினார். கூட்டாளியின் பெயரும் ஜான் பேர்ட், ஆனால் இவர் வேறு பேர்ட். இருவரும் அக்கா தங்கையை மணந்துகொண்டவர்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் சகலைகள் சேர்ந்து நடத்திய கம்பெனி. 1857-ல் அந்தக் கூட்டு முடிந்து, தன் தம்பி ஜார்ஜுடன் புதிய கூட்டைத் தொடங்கினார். அவருடைய சிறந்த கட்டடங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில் வந்தவை. பின்னாளில் ஜார்ஜ் தொழிலை விட்டுவிட்டு மதப் பணிக்காக ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போய், அங்கேயே காலமானார்.

புகையும் நெரிசலும் நிறைந்த ஊர்

அன்றைய கிளாஸ்கோவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். 1801-ல் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 77 ஆயிரம். நூறு ஆண்டுகளில் அது ஏழரை லட்சத்தைத் தாண்டியது. பஞ்சாலை, இரும்பாலை, கப்பல் கட்டும் தளம் என்று வேலை இருந்தது. அந்த வேலைக்காக நாலாபுறமிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். இருக்க இடம்? அதற்குக் கிளாஸ்கோ கண்ட வழிதான் 'டெனமென்ட்' என்னும் அடுக்குமாடி.

மூன்று நான்கு மாடி, கனத்த மணற்கல் சுவர், நடுவில் பொதுப் படிக்கட்டு, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு மூன்று வீடுகள். இதுதான் அமைப்பு. பொதுப் படிக்கட்டும் அதற்குப் போகும் வழியும் சேர்ந்த இடத்தை அந்த ஊரில் 'குளோஸ்' என்பார்கள். படிக்கட்டைக் கழுவுவது அந்தத் தளத்தில் உள்ள வீடுகளின் பொறுப்பு, முறை வைத்துச் செய்ய வேண்டும். இந்த வாரம் யார் முறையோ அவர் வீட்டுக் கதவில் "படி கழுவும் முறை உங்களுடையது" என்ற பொருள்பட ஓர் அட்டையைத் தொங்கவிடும் வழக்கம் பின்னாளில் வந்தது. வாட்ஸ்அப் குரூப் இல்லாத காலத்தில் அட்டைதான் சர்க்குலர்!

வசதியானவர்களின் டெனமென்ட் விசாலமானது. ஏழைகளுடையது ஒரே அறை, அதற்குள் ஒரு குடும்பம். சாக்கடை வசதி மோசம், குடிநீர் அதைவிட மோசம். காலரா திரும்பத் திரும்ப வந்தது. தாம்சனும் தப்பவில்லை. 1850-களின் நடுவில் தம் பிள்ளைகள் சிலரை நோய்க்குப் பறிகொடுத்தார். 1859-ல் லோக் கேட்ரின் ஏரியிலிருந்து கிளாஸ்கோவுக்கு நல்ல குடிநீர் கொண்டுவரப்பட்ட பிறகுதான் ஊர் ஓரளவு மூச்சுவிட்டது.

பெற்ற பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்து, வரைபலகை முன் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வீடு வரைந்தவர் அவர். 1868-ல் கிளாஸ்கோவின் நகர மேம்பாட்டு அறக்கட்டளைக்கு அவர் ஒரு யோசனை சொன்னார். தொழிலாளர்களுக்கான டெனமென்ட் வரிசைகளைக் கட்டி, வரிசைகளுக்கு இடையிலுள்ள தெருவுக்குக் கண்ணாடிக் கூரை போட்டுவிடலாம் என்றார். மழையிலும் குளிரிலும் பிள்ளைகள் விளையாட இடம் கிடைக்கும், வெளிச்சமும் குறையாது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. இன்று ஷாப்பிங் மாலில் கண்ணாடிக் கூரையின் கீழ் நடக்கும்போது எனக்கு அந்த யோசனை நினைவுக்கு வருகிறது.

தூணும் உத்தரமும்

சரி, 'கிரேக்க' என்ற பட்டம் எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் பிரிட்டனில் கோதிக் பாணி என்ற ஒன்று கோலோச்சியது. கூரான வளைவுகள், ஊசிக் கோபுரங்கள் கொண்ட பாணி. தாம்சனுக்கு வளைவு என்றாலே ஆகாது. அவருடைய வாதம் எளிமையானது. வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க வெளியிலிருந்து முட்டுச் சுவர் கொடுக்க வேண்டும். முட்டு தளர்ந்தால் வளைவும் போய்விடும். தூண் நிறுத்தி அதன்மேல் உத்தரக் கல்லைக் கிடத்தினால் பாரம் நேராகக் கீழே இறங்கும். நம் கோயில் மண்டபங்களை நினைத்துக்கொண்டால் அவர் சொல்வது சட்டென்று புரியும். பழைய கிரேக்கமும் எகிப்தும் கட்டியது அப்படித்தான், நிலைத்து நிற்க அதுவே வழி என்பது அவர் கட்சி.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடத்தைப் போட்டி எதுவும் வைக்காமல் லண்டனைச் சேர்ந்த கில்பர்ட் ஸ்காட் என்ற பிரபல கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். அவர் கோதிக் பாணியில் வரைந்தார். தாம்சன் உள்ளூர்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, அந்த வடிவமைப்பைப் பகுதி பகுதியாக எடுத்து விமர்சித்து உரையாற்றினார். பலன் ஒன்றும் இல்லை. கட்டடம் ஸ்காட் வரைந்தபடியே எழுந்தது. லண்டனில் தாம்சனுக்கு ஒரு கட்டடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளூரில் மதிப்பு இருந்தது. கிளாஸ்கோ கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கிரேக்கக் கோயிலைப் படியெடுத்து வைத்தவர் அல்ல. அச்சிட்ட வரைபட நூல்களில் பார்த்த கிரேக்க, எகிப்திய வடிவங்களை எடுத்து, கிளாஸ்கோவின் தேவைக்கும் மழைக்கும் இருட்டுக்கும் ஏற்றபடி மாற்றினார். சில இடங்களில் மரச்சட்டமே இல்லாமல் கல் தூண்களுக்குப் பின்னால் நேரடியாகக் கண்ணாடியைப் பொருத்தினார். தூண் வரிசையும் கெடாது, வெளிச்சமும் உள்ளே வரும். வடக்கே குளிர் நாட்டில், மங்கிய பகல் வெளிச்சத்தில் ஒரு துளியையும் வீணாக்காத ஏற்பாடு அது.

எவை நின்றன?

இப்போது நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். முதலில் வரவுப் பக்கம்.

மோரே பிளேஸ்: நகரின் தெற்கே, ஸ்ட்ராத்பங்கோ பகுதியில், 1860-ஐ ஒட்டிக் கட்டியது. பத்து வீடுகள் ஒரே வரிசையாக, பார்ப்பதற்கு ஒரே மாளிகை போல இருக்கும். மேல் மாடியில் ஒரே மாதிரியான 52 சதுரத் தூண்கள் வரிசையாகப் போகும். எது யார் வீடு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தாம்சன் தாமே முதல் எண் வீட்டில் குடியேறினார், சாகும்வரை அங்கேயே இருந்தார். தான் கட்டிய குடியிருப்பில் தானும் குடியிருந்த பில்டர் என்றால் நம்மில் பலருக்கு அவர்மேல் தனி மரியாதை வரும்! அந்த வரிசையில் இன்றும் ஜனங்கள் வாழ்கிறார்கள்.

வால்மர் கிரசென்ட்: 1857-க்கும் 1862-க்கும் இடையில் எழுந்த, பிறை போல வளைந்து செல்லும் டெனமென்ட் வரிசை. பின்னாளில் அதன் முன்பக்கத்தில் கடைகளை ஒட்டவைத்து அழகைக் கொஞ்சம் கெடுத்துவிட்டார்கள். சுரங்க ரயில் நிலையமும் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனாலும் மாடிகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.

ஹோம்வுட் மாளிகை: 1857, 58-ல் ஜேம்ஸ் கூப்பர் என்ற காகித ஆலை முதலாளிக்காகக் கட்டியது. இதைத்தான் தாம்சனின் மிகச் சிறந்த வீடு என்கிறார்கள். சுவரின் வண்ணம், விதானம், கதவின் அலங்காரம்வரை எல்லாம் அவரே வகுத்தது. சாப்பாட்டு அறையைச் சுற்றி டிராய் போர்க் காட்சிகள் ஓடும். 20-ஆம் நூற்றாண்டில் அது கன்னியாஸ்திரீகளின் கைக்கு வந்து பள்ளிக்கூடமாக இருந்தது. சுவர் ஓவியங்கள் மேல் சாதாரணப் பெயின்ட் ஏறியது. கடைசியில் விற்பனைக்கு வந்தபோது, சுற்றியுள்ள நிலத்தில் புதுவீடுகள் வந்துவிடும் என்ற கவலை எழுந்தது. 1994-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதை வாங்கியது. பெயின்டைப் பொறுமையாகச் சுரண்டியபோது அடியில் தாம்சனின் வண்ணங்கள் பத்திரமாக இருந்தன.

செயின்ட் வின்சென்ட் தெரு தேவாலயம்: 1859-ல் முடிந்தது. செங்குத்தான சரிவில், ஒரு பெரிய கல் மேடைமேல் கிரேக்கக் கோயிலைத் தூக்கி வைத்தது போல இருக்கும். பக்கத்தில் விசித்திரமான கோபுரம். எகிப்து, அசிரியா, இந்தியா என்று எல்லாம் அதில் தெரிவதாகப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் கட்டிய பெரிய தேவாலயங்களில் இன்று முழுமையாக நிற்பது இது ஒன்றுதான்.

எவை போயின?

அடுத்தது பற்றுப் பக்கம்.

கலிடோனியா சாலை தேவாலயம் தாம்சன் தாமே மூப்பராக இருந்த சபைக்காக 1856, 57-ல் கட்டியது. சுற்றிலும் இருந்த வீடுகளை இடித்ததால் ஜனங்கள் வேறு இடம் போனார்கள், சபை கலைந்தது, கட்டடத்தைப் பூட்டினார்கள். காலியாகக் கிடந்த கட்டடத்தில் 1965-ல் தீப்பிடித்தது. இன்று கூரையில்லாமல், தூண்களும் கோபுரமும் மட்டும் நிற்கின்றன.

குயின்ஸ் பார்க் தேவாலயம் 1869-ல் கட்டியது. 1943-ல் ஜெர்மானிய விமானங்கள் போட்ட தீக்குண்டில் எரிந்தது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, யுத்தம்.

எக்லிண்டன் தெருவில் இருந்த குயின்ஸ் பார்க் டெரஸ் என்ற நீண்ட டெனமென்ட் வரிசை 1980-ஐ ஒட்டி இடிக்கப்பட்டது. அதைத் தகர்த்தது குண்டு அல்ல, பராமரிப்பு இல்லாத பல பத்தாண்டுகளும், பழையது என்றால் இடித்துவிடு என்ற அந்தக் காலத்து நகரத் திட்டமும்தான்.

'எஜிப்ஷியன் ஹால்ஸ்' கதைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. 1870-க்கும் 72-க்கும் இடையில், நகர மையத்தில், யூனியன் தெருவில் எழுந்த நான்கு மாடி வணிகக் கட்டடம் அது. ஒவ்வொரு மாடிக்கும் வேறு வேறு வகைத் தூண். உச்சி மாடியில் குட்டையான, தடித்த தூண் வரிசை, அதற்குப் பின்னால் தொடர்ச்சியான கண்ணாடிச் சுவர். இது போரிலும் அழியவில்லை, தீயிலும் எரியவில்லை. மத்திய ரயில் நிலையத்துக்கு மிக அருகில், ஊரிலேயே விலைமிக்க இடத்தில் நிற்கிறது. ஆனால் மேல் மாடிகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. கல் உதிர ஆரம்பித்தது. நடைபாதையில் போகிறவர்கள் தலையில் விழக்கூடாதே என்று சாரம் கட்டி, முகப்பையே துணியால் மூடினார்கள். சாரம் வருடக்கணக்கில் அப்படியே நின்றது. யார் பழுது பார்ப்பது, பணம் எங்கிருந்து வருவது என்ற பேச்சு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

கணக்கு சொல்வது என்ன?

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். குண்டு விழுந்த ஒன்றைத் தவிர்த்தால், மீதியில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. மனிதர்கள் வாழ்ந்துகொண்டும், "இது என் பொறுப்பு" என்று ஒருவராவது சொல்லிக்கொண்டும் இருந்த இடங்கள் நின்றன. ஆள் வெளியேறிய இடங்களும், பொறுப்பு யாருடையது என்று தீர்மானமாகாத இடங்களும் போயின. கல் எல்லாவற்றிலும் ஒன்றுதான், வரைந்த கையும் ஒன்றுதான்.

மணற்கல் கட்டடம் சாவது எப்படி என்று தெரிந்துகொள்வது நமக்கும் உபயோகம். முதலில் கூரையோரத் தூம்பில் குப்பை அடைக்கும். அதைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் கூலிதான் ஆகும். செய்யாமல் விட்டால் தண்ணீர் வழிந்து சுவருக்குள் இறங்கும். குளிர்காலத்தில் உள்ளே போன ஈரம் உறைந்து விரிந்து கல்லைப் பொளக்கும். மர விட்டத்தின் முனை மக்கும். பத்து ஆண்டு கழித்து வரும் பில்லில் ஒரு மாடியையே மாற்றிவிடலாம். நம் கான்கிரீட்டில் உறைபனி இல்லை. ஆனால் மொட்டை மாடியில் தேங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உதிர்ப்பதும் அதே கதைதான்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே பழைய வழக்கப்படி கூரை மேல் மாடிக்காரருக்குச் சொந்தம். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒழுகினால் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழ் வீட்டுக்காரர் "எனக்கென்ன?" என்பார். மேல் வீட்டுக்காரரிடம் பணம் இருக்காது. கடைசியில் ஒழுகல் எல்லார் வீட்டுக்கும் வந்து சேரும். 2004-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் டெனமென்ட்டுகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. பத்திரம் எதுவும் சொல்லாத இடங்களில் கூரை, அடித்தளம், வெளிச்சுவர் ஆகியவற்றின் பராமரிப்பு எல்லா வீட்டுக்காரர்களுடைய பொதுப் பொறுப்பு என்றும், பெரும்பான்மை எடுத்த முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்றும் அது சொல்கிறது. மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் பற்றி நம் பொதுக்குழுவில் நடந்த விவாதத்தைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாம்சனின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1875 மார்ச் 22 அன்று, மோரே பிளேஸ் வீட்டில், 58 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு காலமானார். அவரை அடக்கம் செய்த இடத்தில் முறையான நினைவுக்கல் 2006-ல்தான் வந்தது. ஆனால் அவர் இறந்த பிறகு நண்பர்கள் நிதி திரட்டி, இளம் கட்டடக் கலைஞர்களுக்கு அவர் பெயரில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். அது பயணத்துக்கான உதவித்தொகை! வெளிநாடே போகாத மனிதரின் பெயரில், வெளிநாடு போய்ப் பழைய கட்டடங்களைப் பார்த்துவரப் பணம். 1890-ல் அதைப் பெற்ற இளைஞர் அடுத்த ஆண்டு இத்தாலி முழுக்கச் சுற்றிவந்தார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் ரென்னி மாகின்டாஷ். அந்த நிதி, வட்டி சேர்த்துத் திரும்பி வந்த முதலீடு என்று நான் சொல்வேன்.

1991-ல் கிளாஸ்கோவில் தாம்சன் பெயரில் ஒரு சங்கம் தொடங்கியது. மிச்சமிருக்கும் அவருடைய கட்டடங்களைக் காக்கக் குரல் கொடுப்பது அதன் வேலை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒன்று இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ மிஞ்சியிருக்கும்.

நம் கட்டடம் மோரே பிளேஸ் அல்ல, நம் பில்டர் தாம்சனும் அல்லதான். ஆனால் 52 தூண்களை வரைந்தவர் யார் என்பதைவிட, அந்தத் தூண்களுக்கு மேலே உள்ள தூம்பை வருடா வருடம் சுத்தம் செய்தவர் யார் என்பதில்தான் அந்த வரிசையின் ஆயுள் இருந்தது. அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. நம் மெயின்டனன்ஸ் ரசீதில் இருப்பது அப்படிப்பட்ட பெயர்கள்தான். பழுது நிதி பற்றிய சுற்றறிக்கை உங்கள் வீட்டுக்கு வரும்போது, யூனியன் தெருவில் துணி போர்த்தி நின்ற அந்தக் கட்டடத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.